கீமோ நாளன்று கேட்டால் எல்லோரும் தேவலைதான்: புற்றுநோய் வெளிநோயாளிகளின் அன்றாடச் சமாளிப்பை அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

முதன்முதலில் இந்த வேலையில் இறங்கியபோது நாற்பது படிவங்கள் நிரப்பி வாங்கினேன். எல்லோரும் மார்பகப் புற்றுநோய்க்காக 21 நாளுக்கு ஒருமுறை வந்து கீமோ ஏற்றிக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்புகிறவர்கள். ஊசி போட வரும் நாளில், காலையிலேயே ஒவ்வொருவராக உட்காரவைத்துக் கேட்டுவிடுவேன். கூட்டிப் பார்த்தால் சாப்பாடு, தூக்கம், வீட்டு வேலை எல்லாவற்றிலும் பெரும்பாலானவர்கள் தேவலை. எனக்கே நம்பிக்கை வரவில்லை. நான்காவது ஊசிக்கு வந்திருந்த ஒரு அக்காவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "கடைசி ஒரு வாரம் எப்படி இருந்துச்சுன்னுதானே சிஸ்டர் கேக்கறீங்க? அது நல்ல வாரமாச்சே. மொத வாரத்துல வந்து கேட்டிருக்கணும்" என்றார்.

நாற்பது படிவமும் வீண். அவர் சொன்ன அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். செவிலியர் பட்டமேற்படிப்பு, சமூகப்பணி ஆய்வேடு என்று இதைத் தொடுகிறவர்களுக்கும், டே கேர் வார்டில் வேலை பார்த்துக்கொண்டே நோயாளிகளின் நிலையை முறையாகப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கும் பயன்படும்.

1. எதை அளக்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஆய்வேடுகளில் 'இசைவாக்கம்', 'பொருத்தப்பாடு' என்றெல்லாம் எழுதுவார்கள். வார்டில் அதற்குப் பெயர் சமாளிப்பு. "ஏதோ சமாளிக்கறேன்" என்று நோயாளி சொல்வதற்குள் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலை.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் மூன்று விஷயங்கள் உண்டு. முதலாவது, உடலின் இயங்கும் திறன். மருத்துவர் கேஸ் ஷீட்டில் ஈகாக் 1, ஈகாக் 2 என்று குறிப்பது இது. 1982இல் வெளியான அளவுகோல். 0 என்றால் நோய்க்கு முன்பிருந்ததைப் போலவே எல்லா வேலையும் செய்கிறார். 4 என்றால் முழுக்கப் படுக்கை. 5 என்றால் மரணம். இரண்டாவது, அறிகுறிகள்: வாந்தி, வலி, அசதி, வாய்ப்புண். மூன்றாவது மனநிலை. இந்த மூன்றும் சமாளிப்பைப் பாதிக்கும். ஆனால் இவற்றில் எதுவும் தனியாகச் சமாளிப்பு ஆகிவிடாது.

ஈகாக் 1 என்று குறிக்கப்பட்ட இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மாமியாரும் நாத்தனாரும் சமையலைப் பார்த்துக்கொள்ள, காலையில் திண்ணையில் உட்கார்ந்து வெயில் காய்கிறார். இன்னொருவர் ஊசி போட்ட மறுநாளே நூறு நாள் வேலைக்குப் போகிறார், போகாவிட்டால் அடகு வைத்த நகைக்கு வட்டி கட்ட முடியாது. மருத்துவக் குறிப்பில் இருவரும் ஒன்றுதான். வாழ்க்கை ஒன்றா?

சமாளிப்பு என்பது நோய் வந்த பிறகு வீடு, வேலை, உறவு, பணம், ஊர் ஆகியவற்றை மறுபடி எப்படி அடுக்கி வைத்துக்கொண்டார்கள் என்பது. அமெரிக்க உளவியலாளர் லியோனார்ட் டெரோகேடிஸ் உருவாக்கிய பெய்ஸ் என்ற அளவுகோல் இதற்கென்றே வந்தது. 46 கேள்விகள், ஏழு பகுதிகள்: சிகிச்சையைப் பற்றிய மனப்பாங்கு, தொழில், வீட்டுச் சூழல், தாம்பத்தியம், சொந்தபந்தம், வெளியுலகத் தொடர்பு, மன உளைச்சல். கூட்டுத்தொகை ஏற ஏறச் சமாளிப்பு மோசம் என்று பொருள். இதை மறந்துவிட்டுத் தலைகீழாக முடிவு எழுதிய ஆய்வேட்டை நான் பார்த்திருக்கிறேன்.

பெய்ஸைப் பயன்படுத்தாவிட்டாலும் பரவாயில்லை. அந்த ஏழு பகுதிகளையும் ஒரு தாளில் எழுதி, உங்களிடம் இருக்கும் கேள்விகள் எந்தெந்தப் பகுதியைத் தொடுகின்றன என்று டிக் போட்டுப் பாருங்கள். டிக் விழாத இடம்தான் உங்கள் ஆய்வின் ஓட்டை.

2. கருவியைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் அள்ளிப் போடாதீர்கள்

அதிகம் புழங்குவது ஐரோப்பிய புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பான இஓஆர்டிசியின் வாழ்க்கைத்தரக் கேள்வித்தாள், க்யூஎல்க்யூ-சி30. 1993இல் வெளியானது. 30 கேள்விகள். உடல் இயக்கம், அன்றாடப் பொறுப்புகள், மனம், நினைவும் கவனமும், சமூகம் என்று ஐந்து செயல்பாட்டுப் பகுதிகள். அசதி, வலி, குமட்டலும் வாந்தியும் என்று மூன்று அறிகுறிப் பகுதிகள். பசியின்மை, தூக்கம், பணக் கஷ்டம் போன்ற ஆறு தனிக் கேள்விகள். கடைசியில் மொத்த உடல்நலத்தைப் பற்றி இரண்டு. தமிழ் வடிவம் இருக்கிறது. கல்வி ஆய்வுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை, ஆனால் அவர்கள் தளத்தில் பதிவு செய்து அனுமதி பெற்றுத்தான் எடுக்க வேண்டும். சீனியரின் ஆய்வேட்டுப் பின்னிணைப்பிலிருந்து ஜெராக்ஸ் எடுக்காதீர்கள். வரி விடுபட்ட பிரதிகள் வார்டு வார்டாகச் சுற்றுகின்றன.

புற்றுநோயாளிகளுக்கான இன்னொரு வாழ்க்கைத்தரப் படிவமான ஃபேக்ட்-ஜியும் 1993தான். 27 கேள்விகள், மொத்த மதிப்பெண் 108 வரை. குடும்ப ஆதரவு, நண்பர்கள் பற்றி இதில் சற்று விரிவாகக் கேட்பார்கள்.

மனநிலைக்கு ஹேட்ஸ் (1983) நல்ல தேர்வு. பதற்றத்துக்கு 7, மனச்சோர்வுக்கு 7 என்று 14 கேள்விகள். ஒவ்வொரு பகுதியும் 0 முதல் 21 வரை. 8 முதல் 10 வரை எல்லைக்கோடு, 11உம் அதற்கு மேலும் என்றால் கவனிக்க வேண்டியவர். பசியில்லை, மெலிந்துவிட்டேன் என்பது போன்ற உடல் அறிகுறிகளை இதில் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறார்கள். கீமோவில் இருப்பவருக்கு அவை மருந்தாலேயே வரும் என்பதால் இது பெரிய வசதி. மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விப் படிவமான பிஎச்க்யூ-9இல் பசி, தூக்கம், அசதி எல்லாமே மதிப்பெண்ணில் சேர்ந்துவிடும். மனம் தெளிவாக இருப்பவர்கூட மருந்தின் அசதியால் மதிப்பெண் ஏறி நிற்பார். ஹேட்ஸுக்கு உரிமம் வாங்க வேண்டும், பிஎச்க்யூ-9 இலவசம். கையில் காசில்லாத மாணவர்கள் எதை எடுப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. எடுங்கள், ஆனால் முடிவு எழுதும்போது இதை மனத்தில் வையுங்கள்.

நேரமே இல்லாத ஓபியில் 0 முதல் 10 வரை ஒரே கேள்வி கேட்கும் 'மன உளைச்சல் வெப்பமானி' போதும். 4 அல்லது அதற்கு மேல் வந்தால் உட்காரவைத்துப் பேச வேண்டும்.

என் கணக்கு இது: ஒரு பெரிய படிவம், ஒரு மனநிலைப் படிவம், நீங்களே தயாரித்த ஒரு பக்க வீட்டுக் கணக்கு. நான்காவது படிவத்தை நீட்டினால், நோயாளி பார்க்காமலே ஒரே வரிசையில் டிக் அடிக்க ஆரம்பித்துவிடுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

3. கேட்பதற்கு முன்பே, யாரிடம் அனுப்புவது என்று தெரிந்திருக்கட்டும்

நெறிமுறைக் குழுவின் அனுமதி, ஒப்புதல் படிவம் எல்லாம் வழக்கம்போல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்களை ஒருமுறை படித்துவிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி இருந்து முழுவதையும் கேட்டிருக்க வேண்டும். வார்டு ஆயாவைக் கூப்பிட்டுக் கையெழுத்து மட்டும் போடச் சொல்வது சாட்சியாகாது.

குழு கேட்காத, ஆனால் முக்கியமான ஒன்று உண்டு. பிஎச்க்யூ-9இன் ஒன்பதாவது கேள்வி சாவதைப் பற்றிய நினைப்பைக் கேட்கிறது. ஒருவர் "ஆமாம்" என்றால் அடுத்த நிமிடம் என்ன செய்வீர்கள்? மனநல மருத்துவரின் ஓபி எந்த நாள், எந்த அறை, இல்லாத நாளில் யார் என்பதை உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் 14416 எண்ணையும் எழுதுங்கள். அப்படிச் சொன்னவரைத் தனியாக உட்காரவைத்துவிட்டு ஆள் தேடிப் போகக் கூடாது. ஆளைத்தான் அங்கே வரவழைக்க வேண்டும். பதிலை வாங்கிக் கோப்பில் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து எக்செல்லில் ஏற்றும்போது பார்ப்பது அளவீடு அல்ல, அலட்சியம்.

இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. "அப்பாவுக்குத் தெரியாது, கட்டின்னுதான் சொல்லியிருக்கோம்" என்று மகன் கதவோரம் இழுத்துப் போய்ச் சொல்வார். உங்கள் ஒப்புதல் படிவத்தின் தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் 'புற்றுநோய்' என்று இருக்கும். சிகிச்சை தரும் மருத்துவரிடம் பேசாமல் அந்தத் தாளை நீட்டாதீர்கள். நோயை அவருக்குச் சொல்லும் பொறுப்பு ஆய்வாளருக்கு இல்லை, படிவம் போய்ச் சொல்லிவிடவும் கூடாது. தன் நோய் தெரியாதவரை ஆய்வில் சேர்ப்பதில்லை என்று நான் முடிவு செய்துவிட்டேன். அதனால் ஒரு கூட்டமே விடுபடுகிறது என்பதையும் ஆய்வில் எழுதிவிடுவேன்.

4. தமிழ் சரியாக இருக்கிறதா?

அச்சில் தமிழாக இருப்பதெல்லாம் காதில் தமிழாக விழாது. என்னை அதிகம் ஏமாற்றிய சொல் 'எரிச்சல்'. சட்டென்று கோபம் வருகிறதா என்பதற்காக "எரிச்சலாக உணர்ந்தீர்களா?" என்று ஒரு படிவத்தில் இருந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா உடனே, "ஆமாம்மா, ஒண்ணுக்குப் போறப்ப ரொம்ப எரியுது" என்றார். அதை மனநிலைக் கணக்கில் 4 என்று போட்டிருந்தால்? (ரேடியேஷனை எங்கள் பக்கம் 'கரண்ட் வைக்கிறது' என்றுதான் சொல்வார்கள். 'கதிரியக்கச் சிகிச்சை' என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள்.)

'கஷ்டம்' இன்னொன்று. பணமா, வலியா, மனக்குறையா என்பது கேட்பவரைப் பொறுத்தது. 'மயக்கம்' சிலருக்குத் தலைசுற்றல், சிலருக்கு நினைவு தப்புவது. சென்னையில் சரிபார்த்த படிவத்தை யாழ்ப்பாணத்துக்கு அப்படியே கொண்டுபோனாலும் சிக்கல்தான். அங்கே அசதி என்பதைவிடக் களைப்பு, முடியவில்லை என்பதைவிட ஏலாது என்பதுதான் வாயில் வரும்.

புதிதாக ஒரு படிவத்தை மொழிபெயர்ப்பதென்றால் வழக்கமான வரிசை இது. இருவர் தனித்தனியாகத் தமிழாக்கி, இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும். மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு மூலத்தோடு ஒப்பிட வேண்டும். இதோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறார்கள். 'எரிச்சல்' இந்தச் சோதனையில் அழகாகத் தேறிவிடும் என்பதுதான் வேடிக்கை. அதனால் பத்துப் பதினைந்து நோயாளிகளிடம் படித்துக் காட்டி, "இந்தக் கேள்வி எதைக் கேட்குதுன்னு நினைக்கறீங்க? உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்பதுதான் உண்மையான சோதனை. வயதானவர், படிக்காதவர், ஆண், பெண் எல்லோரும் அதில் இருக்கட்டும்.

உரிமம் உள்ள படிவத்தில் ஒரு சொல்லைக்கூட நீங்களாக மாற்றக் கூடாது. ஆனால் கேட்கும்போது தரும் விளக்கத்தை முன்கூட்டியே எழுதிவைத்து, எல்லோருக்கும் ஒரே விளக்கத்தைத் தரலாம். 'கனமான பை, பெட்டி தூக்குவது' என்று வரும் இடத்தில் 'நிறைகுடம் தூக்குவது போல' என்று சொன்னேன் என்றால், முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் அதுவே.

5. நாளைக் குறியுங்கள்

இதில் கோட்டை விட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

பெரும்பாலான படிவங்கள் 'கடந்த ஒரு வாரம்' பற்றிக் கேட்கின்றன. 21 நாள் சுழற்சியில் அடுத்த ஊசிக்கு வரும் காலையில் கேட்டால், உங்களுக்குக் கிடைப்பது 15ஆம் நாள் முதல் 21ஆம் நாள் வரையிலான வாரம். உடல் தேறி, நாக்கில் ருசி திரும்பி, கோயிலுக்குப் போய்வரும் வாரம். முதல் வாரம் வேறு உலகம். முதல் இரண்டு மூன்று நாள், வாந்தியைத் தடுக்கத் தரும் ஸ்டீராய்டால் தூக்கம் வராது, ஆனால் ஒரு சுறுசுறுப்பு இருக்கும். அந்த மாத்திரை நின்றதும் பொத்தென்று விழுவார்கள். 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள் வெள்ளணுக்கள் குறைந்து, கவுண்ட் அடிமட்டத்துக்குப் போகும்.

ஆகவே ஒரே சுழற்சியில் இரண்டு முறை கேளுங்கள்: 7ஆம் நாள் அல்லது 8ஆம் நாளில் போனில், 21ஆம் நாளில் நேரில். இரண்டுக்கும் உள்ள இடைவெளி, தனித்தனி மதிப்பெண்ணைவிட அதிகம் பேசும். போனில் ஒரு தடவை, நேரில் ஒரு தடவை என்று கேட்பதால் ஏற்படும் வேறுபாடு உறுத்தினால், இரண்டையுமே போனில் கேட்டுவிடுங்கள்.

போன் போடும் நாளில் ஒரு பொறுப்பும் சேர்ந்து வருகிறது. ஒருமுறை எட்டாம் நாள் கூப்பிட்டபோது, "லேசாக் காய்ச்சல், பாராசிட்டமால் போட்டுப் படுத்திருக்கேன்" என்றார் ஒருவர். கீமோவில் இருப்பவருக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் தொட்டால் அது அவசரம். படிவத்தை மூடிவைத்துவிட்டு, "இப்பவே கிளம்புங்க" என்று சொல்ல வேண்டும். அன்றைக்குப் படிவத்தில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ரேடியேஷனுக்கு வேறு கணக்கு. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், சில வாரங்கள். அங்கே ஏற்ற இறக்கம் கிடையாது. அசதி படிப்படியாக ஏறிக் கடைசி வாரங்களில் உச்சத்துக்குப் போகும், சிகிச்சை முடிந்த பிறகும் கொஞ்ச நாள் இறங்காது. தொடங்கும் முன், மூன்றாவது வாரம், கடைசி வாரம், முடிந்து ஒரு மாதம் கழித்து என்று நான்கு முறை வையுங்கள். கீமோவாகத் தரும் கேப்சிடபைன் மாத்திரை பெரும்பாலும் இரண்டு வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் விடுவது. அதில் உள்ளங்கை, உள்ளங்காலில் தோல் சிவந்து உரிவது கூடும் நாட்களைப் பார்த்துக் குறியுங்கள்.

படிவத்தின் தலையில் தேதியோடு 'சுழற்சி எண், சுழற்சியின் எத்தனையாவது நாள்' என்று இரண்டு கட்டம் போடுங்கள். இந்த இரண்டு கட்டம் இல்லாத படிவத்தை நான் இப்போது வாங்குவதே இல்லை.

6. எங்கே, எந்த நேரத்தில், யார் பக்கத்தில்

விடியற்காலைப் பஸ் பிடித்து வந்து, ஓபி சீட்டு போட்டு, ரத்தம் கொடுத்து, ரிசல்ட்டுக்குக் காத்திருந்து, டாக்டரைப் பார்த்து, மருந்து வாங்கி, கட்டில் கிடைத்து, ட்ரிப் ஏறி, மறுபடி பஸ். இந்த ஓட்டத்தில் உங்களுக்கான இடம் ஒன்றுதான்: ரத்தம் கொடுத்ததற்கும் ரிசல்ட் வருவதற்கும் நடுவே. டாக்டரைப் பார்த்த பிறகு கேட்டால், ஸ்கேன் ரிசல்ட் நல்லதா கெட்டதா என்பதைத்தான் அளப்பீர்கள். ட்ரிப் ஏறும்போது கேட்டால், அதற்கு முன்பு போட்ட அவில் ஊசியின் தூக்கத்தோடு பேசுவீர்கள். அதுவும் வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தவரை முதலில் இட்லி சாப்பிட அனுப்புங்கள்.

கூட வந்தவரை என்ன செய்வது? பக்கத்தில் உட்கார்ந்தால் அவர்தான் பதில் சொல்வார். "வீட்டு வேலை செய்ய முடியுதா அக்கா?" என்று கேட்டால், கணவர், "அதெல்லாம் முன்ன மாதிரியே செய்யறா" என்பார். அந்த அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் ஒரு தந்திரம் வைத்திருக்கிறேன். கூட வந்தவரிடம் இன்னொரு தாளைக் கொடுத்து, "அண்ணா, உங்களுக்குத் தனிக் கேள்வி இருக்கு, அந்த பெஞ்சுல உட்கார்ந்து எழுதறீங்களா" என்பேன். அது வெறும் சாக்கு அல்ல. கவனித்துக்கொள்பவரின் செலவு, வேலை இழப்பு எல்லாம் நிஜமாகவே தேவை. ஆனால் நோயாளியின் மனநிலைக்கு அவர் பதிலை மாற்றாக எடுக்காதீர்கள். வாந்தி, நடை போன்று கண்ணுக்குத் தெரிவதில் இருவர் பதிலும் ஓரளவு ஒத்துப்போகும். மனத்தைப் பற்றியதில் விலகும்.

அடுத்தது 'பரவாயில்லை'. நம்மவர்கள் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் சொல்லும் முதல் வார்த்தை. குறை சொன்னால் டாக்டர் கோபித்துக்கொள்வார், ஊசியை நிறுத்திவிடுவார் என்ற பயம். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் 'பரவாயில்லை'தான் வரும். "நேத்து காலைல எத்தனை மணிக்கு எழுந்தீங்க? எழுந்ததும் என்ன செஞ்சீங்க? மத்தியானம் சோறு யார் வடிச்சாங்க?" என்று நேற்றைய பொழுதைச் சொல்ல வைத்துவிட்டு, அப்புறம் படிவத்துக்குள் போங்கள். பதில்கள் தாமாகவே நேராகிவிடும்.

நான்கு பதில்களையும் ('இல்லவே இல்லை, கொஞ்சம், அதிகம், மிக அதிகம்') வாயால் சொன்னால், கேட்பவர் மனதில் கடைசி இரண்டுதான் நிற்கும். அட்டையில் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கையில் கொடுங்கள். படிக்கத் தெரியாதவருக்குக் காலி டம்ளர், கால், அரை, முழு டம்ளர் என்று படம் போட்ட அட்டை உதவும். ஆனால் அதை ஆரம்பித்தால் எல்லோருக்கும் அதே அட்டைதான். பாதியில் மாற்றக் கூடாது, ஆய்விலும் அதைச் சொல்லிவிட வேண்டும்.

தாம்பத்தியக் கேள்வியைக் கடைசியில் வையுங்கள். கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே பாலாக இருப்பது நல்லது. "சில பேருக்கு இந்த சிகிச்சையில கணவன் மனைவி நெருக்கத்துல மாற்றம் வருது, விருப்பம் இருந்தா சொல்லலாம்" என்று சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். சொல்ல மாட்டார்கள் என்று நாமே முடிவுகட்டி விட்டுவிடுகிறோம். கேட்டால் பலர் சொல்கிறார்கள், சிலர் அதை முதல்முறையாகச் சொல்கிறார்கள்.

7. வீட்டுக் கணக்கு என்று ஒரு பக்கம்

ஐரோப்பாவில் செய்த படிவத்துக்கு உங்கள் நோயாளியின் தெரு தெரியாது. அதனால் ஒரு பக்கத்தை நீங்களே தயாரியுங்கள். மதிப்பெண் வேண்டாம், எண்ணிக்கை மட்டும்.

நான் எழுதிவைப்பவை: போன ஊசிக்குப் பிறகு எத்தனை நாள் கூலி போனது, கூட வந்தவருக்கு எத்தனை நாள், ஒரு முறை வந்துபோக எவ்வளவு செலவு, காப்பீட்டுத் திட்டத்தில் சேராமல் கைக்காசில் வாங்கியது எவ்வளவு, அடகு அல்லது கடன், சமையல், தண்ணீர், ரேஷன் கடை, பிள்ளையின் பள்ளிக்கூடம் இவற்றை முன்பு யார், இப்போது யார், கடந்த மாதம் போகாமல் விட்ட விசேஷங்கள், ஏன் என்பதோடு. கடைசிக் கேள்விக்கு உடம்பு முடியவில்லை என்று மட்டும் பதில் வருவதில்லை. முடி கொட்டியதால் போகவில்லை, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நினைப்பார்கள் அதனால் போகவில்லை என்றும் வரும். அது வேறு வகைப் பிரச்சினை, வேறு தீர்வு.

அதோடு ஒரு கட்டம் காலியாக இருக்கும். நோயாளியின் சொந்த அளவுகோலுக்கு. பூக்கட்டும் ஒரு அக்கா வாராவாரம் பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். படிவப்படி எல்லாம் நன்றாக இருந்தது: நடக்கிறார், சமைக்கிறார், வலி 'கொஞ்சம்'. ஒரு நாளைக்கு எத்தனை முழம் கட்டுவீர்கள் என்று கேட்டேன். முன்பெல்லாம் காலையில் உட்கார்ந்தால் முப்பது முழம். மூன்றாவது வாரம் இருபது. ஆறாவது வாரம் எட்டு. விரல் நுனி மரத்துப்போய், நார் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது. பூக்காரிக்குக் கண் வேண்டாம், விரல் போதும் என்பார்கள். படிவத்தில் இதற்குக் கட்டமே இல்லை. தையல்காரருக்கு ஊசியில் நூல் கோர்க்கும் நேரம், வாத்தியாருக்கு நின்றுகொண்டு நடத்த முடிந்த பீரியடுகள், வீட்டில் இருப்பவருக்கு வாசல் கோலத்தின் புள்ளி வரிசை. ஒவ்வொருவரிடமும் ஒரு முழக்கோல் இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டும்.

8. மதிப்பெண் போடுவது

க்யூஎல்க்யூ-சி30இல் முதல் 28 கேள்விகளுக்கு 1 முதல் 4 வரை, கடைசி இரண்டுக்கு 1 முதல் 7 வரை. ஒவ்வொரு பகுதியையும் 0 முதல் 100க்கு மாற்ற வேண்டும். உடல் இயக்கப் பகுதியை எடுத்துக்கொள்வோம். ஐந்து கேள்விகளுக்கு ஒருவர் 21ஆம் நாளில் சொன்ன பதில் 2, 3, 1, 2, 1. கூட்டினால் 9, சராசரி 1.8. அதிலிருந்து 1ஐக் கழித்தால் 0.8, 3ஆல் வகுத்தால் 0.267. இது செயல்பாட்டுப் பகுதி என்பதால் 1இலிருந்து அதைக் கழித்து 100ஆல் பெருக்க வேண்டும்: 73.3. அதே ஆள் 8ஆம் நாளில் 3, 3, 2, 3, 1 என்றார். சராசரி 2.4, மதிப்பெண் 53.3. பதின்மூன்று நாள் இடைவெளியில் 20 புள்ளி வித்தியாசம். பொதுவாக 5 முதல் 10 புள்ளி சிறிய மாற்றம், 10 முதல் 20 நடுத்தரம், 20க்கு மேல் பெரியது என்று எடுத்துக்கொள்வார்கள். என் பழைய நாற்பது படிவத்தில் விழாமல் போனது இந்த 20தான்.

அறிகுறிப் பகுதிகளுக்கு 1இலிருந்து கழிக்கும் வேலை இல்லை. அசதிக்கு 2, 3, 3 என்றால் சராசரி 2.67, மதிப்பெண் 55.6. இங்கே எண் ஏறினால் மோசம், அங்கே எண் ஏறினால் நல்லது. எக்செல்லில் செயல்பாட்டுக்கும் அறிகுறிக்கும் வேறு வேறு நிறம் கொடுத்துவிடுங்கள். ஒரு பகுதியில் பாதிக் கேள்விகளுக்காவது பதில் இருந்தால், இருப்பதை வைத்துச் சராசரி எடுக்கலாம். அதற்கும் குறைவென்றால் அந்தப் பகுதியை விட்டுவிட வேண்டும். எல்லாப் பகுதியையும் கூட்டி உங்கள் விருப்பப்படி ஒரே எண்ணாக்காதீர்கள்.

நீங்களே உருவாக்கிய கேள்வித்தாள் என்றால் கேள்விகள் எல்லாம் ஒரே பொருளை அளக்கின்றனவா என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா 0.7க்கு மேல் வருகிறதா என்று பார்ப்பது வழக்கம். ஆனால் வீட்டுக் கணக்குப் பக்கத்துக்கு ஆல்ஃபா போடாதீர்கள். கூலி போன நாளும் ரேஷன் கடைக்குப் போகும் ஆளும் ஒரே பொருளை அளப்பவை அல்ல.

எத்தனை பேர் வேண்டும்? பரவலாகப் புழங்கும் 4pq/d² சூத்திரத்தை (p பிரச்சினை இருப்பவர்களின் விழுக்காடு, q மீதி, d முன்பின் போகக்கூடிய அளவு) 'நான்கு பி க்யூ கீழே டி ஸ்கொயர்' என்று வாய்ப்பாடு போலச் சொல்வோம். பாதிப் பேருக்குப் பிரச்சினை இருக்கலாம் என்று 50 வைத்து, 10 விழுக்காடு முன்பின் போகலாம் என்றால் 4 × 50 × 50 ÷ 100 = 100 பேர். இடையில் நின்றுபோகிறவர்களுக்காகக் கொஞ்சம் கூடச் சேருங்கள். இரண்டு நாட்களை ஒப்பிடுவதுதான் நோக்கம் என்றால் வேறு சூத்திரம், புள்ளியியல் ஆசிரியரிடம் முதலிலேயே போங்கள். தரவு சேர்த்த பிறகு போனால் திட்டுதான் கிடைக்கும்.

9. வராதவர்கள்

மூன்றாவது முறைக்கு நூறு பேரில் சிலர் வந்திருக்க மாட்டார்கள். அவர்களை நீக்கிவிட்டு மீதிப் பேரின் சராசரியைப் போட்டால், சிகிச்சை போகப்போக எல்லோரும் தேறிவருவது போல ஒரு படம் கிடைக்கும். முடியாமல் படுத்தவரும் காசில்லாமல் நின்றவரும் படத்திலிருந்து வெளியே போனதால் வந்த தேற்றம் அது. ஒவ்வொருவர் பெயரின் எதிரிலும் வராத காரணத்தை எழுதுங்கள்: கவுண்ட் குறைந்து தள்ளிப்போட்டது, வேறு ஊருக்குப் போனது, நாட்டு மருந்துக்கு மாறியது, இறந்தது, தெரியவில்லை. வந்தவர்களும் வராதவர்களும் முதல் நாளில் எப்படி இருந்தார்கள் என்று ஒப்பிட்டு ஒரு அட்டவணை போடுங்கள்.

இன்னொரு விஷயம்: ஆறு மாதத்தில் மனிதரின் அளவுகோலே மாறிவிடும். முதல் மாதத்தில் தெருமுனை வரை நடப்பதைச் 'சிரமம்' என்றவர், ஐந்தாம் மாதத்தில் அதே நடையை 'நல்லா நடக்கறேன்' என்பார். வீட்டுக் கணக்கின் எண்ணிக்கைகள் இங்கேதான் கைகொடுக்கும். முழம் மாறாது.

10. டாக்டர் மேசைக்குக் கொண்டுபோவது

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் 766 நோயாளிகளோடு நடந்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. தங்கள் அறிகுறிகளை இணையம் வழியே அவ்வப்போது தெரிவித்து, மோசமானால் செவிலியருக்குத் தகவல் போகும்படி வைத்த குழுவின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதைத் தாண்டி உயிரோடிருந்த காலம்) 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதம். அங்கே கேட்டதற்கும் நடவடிக்கைக்கும் நடுவில் ஒரு ஆள் இருந்தார். நம் ஓபியில் அந்த ஆள் நீங்கள்தான்.

கூட்டத்துக்கு நடுவே டாக்டருக்கு உங்கள் படிவத்தைப் படிக்க நேரமிருக்காது. கேஸ் ஷீட்டின் மேல் ஒரு துண்டுத்தாளைக் குத்துங்கள். மூன்று வரிக்கு மேல் வேண்டாம்: போன முறையோடு ஒப்பிட்டு எது 10 புள்ளிக்கு மேல் மாறியது, எந்த நாளில், மனநிலை எல்லையைத் தாண்டியதா, நோயாளியின் சொந்த முழக்கோல் என்ன சொல்கிறது. அந்தப் பூக்கார அக்காவின் தாளில் நான் எழுதியது: "முன்பு 30 முழம், இப்போது 8. விரல் நுனி மரத்திருக்கிறது. சட்டைப் பொத்தான் போட மகள் உதவி." டாக்டர் அதைப் படித்துவிட்டு அவர் விரல்களைப் பிடித்துச் சோதித்தார். அந்த வாரம் மருந்தின் அளவைக் குறைத்தார். அடுத்த வாரம் முழம் எட்டாகவே நின்றது, அதற்கடுத்த வாரமும் எட்டு. சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து நான் போன் செய்தபோது பதினைந்து என்றார்.